கைவிடப்பட்ட மென்பொருளும் கேட்டுப் பெறும் இசைவும்



2015 டிசம்பர் பெருமழையில் வெள்ளம் புகுந்தபோது, எமது தண்டலம் மதரஸாவின் அலுவல் அறையில் கீழ்த்தட்டில் இருந்த நிகாஹ் பதிவேடுகள் இரண்டு நீரில் ஊறிப் போயின. மை கரைந்தது, ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எனினும் ஓர் ஆறுதல் இருந்தது. எமக்கு முன் இங்குப் பணியாற்றிய மர்ஹூம் உஸ்தாத் ஒருவர், அப்பதிவேடுகளில் உள்ள பெயர், தேதி, வலி, சாட்சிகள், மஹர் ஆகிய விவரங்களைப் பழைய கணினி ஒன்றில் பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். பரணில் இருந்த அந்தக் கணினிக்கு நீர் எட்டவில்லை.

சென்ற ஆண்டு, கணவரை இழந்த ஒரு தாய் தம் நிகாஹ் பதிவின் நகல் கேட்டு வந்தார். பழைய கணினியைக் கீழே இறக்கினோம். அது விண்டோஸ் 98 இயங்கும் பெட்டி. பதிவுகள் ஒரு தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் இருந்தன. அம்மென்பொருள் இயங்க வேண்டுமாயின், அச்சுப்பொறி இணைக்கும் துளையில் அந்நாளில் ‘லாக்’ என்று அழைக்கப்பட்ட சிறு பூட்டு ஒன்றைச் செருகியிருக்க வேண்டும். அத்தகைய துளை இன்றைய கணினிகளில் இல்லை. கோப்பை வேறு கணினிக்கு மாற்றினால் தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாகப் புரியாத குறிகளே தெரிந்தன. அந்நிறுவனம் அவ்வெழுத்துருவைத் தனக்கே உரிய குறியீட்டு முறையில் அமைத்திருந்தது. அந்நிறுவனமோ இன்று இல்லை.

ஒரகடத்தில் வேலை பார்க்கும் எமது பழைய மாணவர் ஒருவர் சொன்னார்: “ஹஜ்ரத், அந்த கம்பெனியே மூடிட்டாங்க. பூட்டை உடைக்க ஒரு புரோகிராம் இருக்கு. பத்து நிமிஷ வேலை. யார் கேட்கப் போறாங்க?”

கேட்பவர் இல்லை என்பதனால் பிறர் பொருள் நமதாகிவிடாது என்பதை நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். ஆகவே, உரியவரைத் தேடிக் கண்டு இசைவு கேட்பது என்று முடிவு செய்தோம். இப்படிக் கேட்டவர்கள் இதற்கு முன் உண்டா, கேட்டவர்களுக்குக் கிடைத்ததா என்று தேடியபோது அறிந்த வரலாற்றையே இங்கு எழுதுகிறோம்.

வகுப்பில் கற்பிக்கக் கூடாத நூல்

நோக்கியா என்னும் பெயர் நமது பகுதிக்குப் புதிதன்று. 2006 முதல் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசிகளைச் செய்த அந்த ஆலை, 2014 நவம்பர் முதல் நாளில் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வருவாயும் அத்துடன் நின்றது. அதே நோக்கியா, 2016இல் அல்காடெல்-லூசென்ட் நிறுவனத்தை வாங்கியபோது, அதன் வழியாக அமெரிக்காவின் புகழ்பெற்ற பெல் ஆய்வகத்துக்கும் உரிமையாளரானது என்பதை நம்மில் பலர் அறியோம். நாம் சொல்ல வந்த வரலாறு அந்த ஆய்வகத்தில் தொடங்குகிறது.

1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அன்று ஆய்வகத்தின் உரிமையாளராக இருந்தது ஏடி அண்ட் டி என்னும் தொலைபேசி நிறுவனம். 1956இல் அமெரிக்க அரசுடன் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டின்படி, அந்நிறுவனம் தொலைத்தொடர்பு தவிர்ந்த வணிகங்களில் இறங்க இயலாது. ஆதலால் பல்கலைக்கழகங்களுக்கு யூனிக்ஸை அதன் மூலநிரலோடு சிறு தொகைக்கே கொடுத்து வந்தது.

அப்படிப் பெற்ற இடங்களுள் ஒன்று ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம். அங்கு ஆசிரியராக இருந்த ஜான் லயன்ஸ், யூனிக்ஸின் ஆறாம் பதிப்பு மூலநிரலை எடுத்து, அதன் ஒவ்வொரு பகுதிக்கும் விளக்கவுரை எழுதினார். மத்னும் ஷரஹுமாக ஓதிப் பழகிய நமக்கு அந்த அமைப்பு எளிதில் விளங்கும்: ஒரு தொகுதியில் மூலம், மற்றொரு தொகுதியில் உரை. 1976, 1977 ஆகிய ஆண்டுகளில் அவருடைய மாணவர்கள் அதைக் கொண்டே பயின்றனர். ஓர் இயங்குதளம் முழுவதையும் வரி வரியாகப் படித்து அறியும் வாய்ப்பு அந்நாளில் மிக அரிது.

ஆனால் 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிம விதிகள், மூலநிரலை வகுப்பில் பாடமாக வைப்பதைத் தடுத்தன. லயன்ஸின் உரைநூலும் உரிமம் பெற்ற இடங்களுக்குள் அடைபட்டது. அதன் பிறகு நடந்தது கணினி உலகில் பலரும் அறிந்த கதை. அந்நூல் நகலின் நகலாக, எழுத்து மங்கிய தாள்களில், கைக்குக் கை மாறி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் உலகெங்கும் உலவியது.

லயன்ஸ் உடல்நலம் குன்றி 1995இல் ஓய்வு பெற்றார். டென்னிஸ் ரிச்சி உள்ளிட்ட அன்பர்கள், அந்நூல் வெளிப்படையாக அச்சாக வேண்டும் என்று விடாது முயன்றனர். அதற்குள் யூனிக்ஸ் வணிகம் ஏடி அண்ட் டியிடமிருந்து 1993இல் நோவெல் நிறுவனத்துக்கும், அங்கிருந்து 1995இல் எஸ்.சி.ஓ. நிறுவனத்துக்கும் கைமாறியிருந்தது. எஸ்.சி.ஓ. இசைந்தது, 1996இல் நூல் முறையாக அச்சேறியது. லயன்ஸ் 1998 டிசம்பரில் காலமானார். தம் நூல் வெளிச்சத்துக்கு வந்ததைக் காணும் பேறு அவருக்குக் கிட்டியது. அன்பர்கள் இன்னும் மூன்றாண்டு தாமதித்திருந்தால் அதுவும் இல்லை.

நூறு டாலர் உரிமம்

நூலுக்கு இசைவு கிடைத்தது; மென்பொருளுக்கு இன்னும் கிடைக்கவில்லை. யூனிக்ஸின் தொடக்ககாலப் பதிப்புகள் பி.டி.பி.-11 என்னும் கணினியில் இயங்கியவை. தொண்ணூறுகளில் அக்கணினிகள் பழைய இரும்பாகிக் கொண்டிருந்தன. பழைய காந்த நாடாக்களும் ஆண்டுக்கு ஆண்டு பழுதாகிக்கொண்டிருந்தன. நாடா கையில் உள்ளவர்களுக்கு அதைப் பிறருக்கு நகலெடுத்துக் கொடுக்கும் உரிமை இல்லை. உரிமை உள்ள நிறுவனத்துக்கோ அந்த நாடாக்களால் பயன் ஏதும் இல்லை.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த வாரன் டூமி என்னும் கணினியியல் ஆசிரியர், பி.டி.பி. யூனிக்ஸைப் பாதுகாப்பதற்காக ஒரு சங்கத்தைத் திரட்டினார். அவர்கள் எஸ்.சி.ஓ. நிறுவனத்துக்கு வேண்டுகோள் விடுத்தனர். ஆதரவாளர்களின் பெயர்களையும் திரட்டிச் சமர்ப்பித்தனர். அவர்கள் கேட்டது மிகச் சிறிது. விற்பனையில் உள்ள புதிய யூனிக்ஸ் எதையும் அவர்கள் கேட்கவில்லை. வழக்கொழிந்த கணினிக்குரிய பழம்பதிப்புகளைத் தனிமனிதர்கள் வைத்துப் படிக்கவும் இயக்கவும் ஓர் எளிய உரிமம் வேண்டும் என்றனர்.

நிறுவனத்துக்குள்ளும் அதைப் புரிந்துகொண்ட நல்லோர் இருந்தனர். 1998இல் எஸ்.சி.ஓ. ‘பழம் யூனிக்ஸ்’ உரிமத்தை நூறு டாலருக்கு அளித்தது. கையொப்பமிட்டுப் பணம் கட்டியவர்கள் தமக்குள் நகலெடுத்துக் கொள்ளலாம். சில ஆண்டுகளில் அந்தக் கட்டணமும் நீங்கியது. 2001இல் எஸ்.சி.ஓ.வின் யூனிக்ஸ் வணிகத்தை வாங்கிய கால்டெரா நிறுவனம், 2002 ஜனவரி 23 அன்று ஒரு கடிதம் வெளியிட்டு, முதலாம் பதிப்பு முதல் ஏழாம் பதிப்பு வரையிலும், 32வி என்னும் பதிப்பையும், எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் பரப்பவும் தாராளமாக அனுமதித்தது. முதலில் நூறு டாலர், பிறகு கட்டணமின்றி, பிறகு எல்லார்க்கும் என்று மூன்று படிகளில் அக்கதவு திறந்தது. முதற்படியை ‘போதாது’ என்று அவர்கள் மறுத்திருந்தால் மற்றவை கிட்டியிருக்குமா என்பது ஐயமே.

இதன் பயன் என்ன என்று கேட்கலாம். 2008இல் டூமியும் தோழர்களும், 1972ஆம் ஆண்டின் அச்சுத் தாள்களில் மட்டுமே எஞ்சியிருந்த யூனிக்ஸ் முதற்பதிப்பின் நிரலை மீட்டு மீண்டும் இயங்கச் செய்தனர். இன்று நாம் பயன்படுத்தும் ஆண்ட்ராய்டு கைப்பேசியும் ஐபோனும் யூனிக்ஸ் வகுத்த வழியில் நடப்பவை. அந்த மரபின் வேரை இன்று எந்த மாணவரும் சட்டத்துக்கு உட்பட்டே எடுத்துப் படிக்கலாம்.

அப்போதும் எட்டு, ஒன்பது, பத்தாம் பதிப்புகள் வெளிவராமல் இருந்தன. 2017இல் அல்காடெல்-லூசென்டும் நோக்கியா பெல் ஆய்வகமும், வணிக நோக்கின்றி அவற்றைப் பயன்படுத்துவோர்மீது பதிப்புரிமையைக் கோரமாட்டோம் என எழுத்துமூலம் அறிவித்தன. தன் ஆலை மூடப்பட்டபோது நமது ஊருக்கு அறிமுகமான அந்த நிறுவனத்தின் பெயரை, இந்த நற்செயலோடும் சேர்த்து நினைவுகூர்வது நியாயம்.

கொடுப்பவர் யார், கொடுத்தது எது?

இசைவு என்பது தெளிவாக இராவிடில் பின்னர் எவ்வளவு தொல்லை என்பதற்கும் சான்றுகள் உள்ளன.

கேரி கில்டால் எழுபதுகளில் உருவாக்கிய சி.பி./எம். என்னும் இயங்குதளம் டாஸுக்கு முன்னோடி. அதை விற்ற டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனம் 1991இல் நோவெல் கைக்குப் போயிற்று. பின்னர் அதன் உரிமை வேறு கைகளுக்கு மாறியது. பழைய சி.பி./எம். கோப்புகளைத் திரட்டிய அன்பர் ஒருவர் வேண்டியதன் பேரில், உரிமையைக் கொண்டிருந்த லினியோ நிறுவனத்தின் தலைவர் பிரையன் ஸ்பார்க்ஸ் 2001இல் இசைவு தந்தார். ஆனால் அந்த வாசகம் அந்த ஒரு திரட்டுக்கு மட்டுமா, எல்லார்க்குமா என்பது தெளிவாக இல்லை. அதே ஸ்பார்க்ஸ், அது எல்லார்க்கும் உரியதே என்று 2022 ஜூலையில் விளக்கி எழுதினார். இரண்டு வரிகளில் விடப்பட்ட தெளிவுக்காக இருபத்தோரு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

யூனிக்ஸ் வரலாற்றிலும் ஒரு வியப்பு உண்டு. பழம் யூனிக்ஸை வெளியிட்ட கால்டெரா, பிற்பாடு எஸ்.சி.ஓ. குரூப் எனப் பெயர் மாற்றிக்கொண்டு, யூனிக்ஸ் உரிமை தன்னுடையதே என்று பெரிய வழக்குகளைத் தொடுத்தது. 2010 மார்ச்சில் அமெரிக்க நடுவர் குழு, அப்பதிப்புரிமை விற்கப்படாமல் நோவெலிடமே இருந்தது என்று தீர்ப்பளித்தது. கொடுக்க முன்வருபவர் உண்மையில் உரியவர்தாமா என்பதையும் விசாரிக்க வேண்டும் என்பது இதனால் விளங்குகிறது.

மூன்றாவது சான்று நமது பிள்ளைகளுக்கு நெருக்கமானது. பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் சி மொழியை நீலத்திரையில் பயின்ற தலைமுறைக்கு டர்போ சி நன்கு தெரியும். அதைச் செய்த போர்லாண்ட் நிறுவனம், தன் பழம்பொருள் காட்சியகம் என்ற பெயரில் டர்போ சி 2.01, டர்போ பாஸ்கல் 5.5 போன்ற சில பழம்பதிப்புகளை இலவசமாக எடுத்துக்கொள்ள அனுமதித்தது. குறிப்பிட்ட சில பதிப்புகளுக்கே அந்த இசைவு. அதைக் கேள்வியுற்ற பலர், பிற்பாடு வந்த பதிப்புகளும் அவ்வாறே இலவசமாகிவிட்டதாக எண்ணிக்கொண்டனர். கொடுத்தது எது என்று படித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

கேட்டால் எப்போதும் இலவசமாகக் கிடைக்கும் என்றும் கூற இயலாது. பிளெண்டர் என்னும் முப்பரிமாணப் படமாக்க மென்பொருளின் நிறுவனம் 2002இல் மூடப்பட்டபோது, முதலீட்டாளர்கள் அதன் உரிமைக்கு ஒரு லட்சம் யூரோ கேட்டனர். அதை உருவாக்கிய டோன் ரோசெண்டால் பயனர்களிடம் வேண்டுகோள் விடுத்தார். ஏழே வாரங்களில் தொகை சேர்ந்தது. மென்பொருள் எல்லார்க்கும் உரியதாயிற்று. ஊர் கூடி விலை கொடுத்து வாங்கி வக்ஃபு செய்த கிணற்றைப் போன்றது அது.

தமிழின் நிலை

தமிழில் இந்த இடர் தனிவகையானது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழ் மென்பொருள் செய்தோர் ஒவ்வொருவரும் எழுத்துகளுக்குத் தத்தம் விருப்பப்படி எண் கொடுத்தனர். ஒருவர் ‘க’ என்று வைத்த இடத்தில் மற்றொருவர் ‘ஞ’ என்று வைத்தார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு பொதுவான விசைப்பலகையையும் குறியீட்டையும் வகுத்தது. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டுக் காலத்தில் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. அதற்கு முன் தட்டச்சு செய்யப்பட்டவை, அவரவர் மென்பொருளுக்குள்ளேயே பூட்டிக் கிடக்கின்றன. அச்சகங்களின் நூல்கள், ஜமாஅத் கணக்குகள், மலர்கள், மதரஸா பாடக்குறிப்புகள் யாவும் அவற்றுள் அடங்கும்.

ஆயினும் கேட்டதும் கொடுத்ததும் தமிழிலும் உண்டு. தமிழா குழுவினர் உருவாக்கிய இ-கலப்பை, ஆஸ்திரேலியாவின் டாவுல்டெசாஃப்ட் நிறுவனத்தின் கீமேன் என்னும் விற்பனை மென்பொருளை அடிப்படையாகக் கொண்டது. அதன் உரிமத்தோடு இணைத்தே தமிழருக்கு இலவசமாக வழங்கினர். அந்தக் கீமேனையும் 2015இல் எஸ்.ஐ.எல். அமைப்பு வாங்கி, பின்னர் மூலநிரலோடு எல்லார்க்கும் இலவசமாக்கியது. 2005 ஏப்ரலில் நடுவண் அரசு தமிழ் எழுத்துருக்களும் மென்பொருள்களும் அடங்கிய குறுந்தகட்டைச் சென்னையில் வெளியிட்டு மக்களுக்கு இலவசமாக வழங்கியது. நியூ ஹொரைசன் மீடியா நிறுவனம் பழைய குறியீடுகளை யூனிகோடாக மாற்றும் கருவியை விலையின்றி அளித்தது. சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றியும் அவ்வாறே. எமது மதரஸாவின் வேறு சில கோப்புகள் இவர்களால்தான் மீண்டன. அவர்களுக்கு நன்றி கூறுவது நம்மீது கடமை.

இம்மாற்றிகள் அறியாத குறியீட்டில் எழுதப்பட்டவையே இப்போது எஞ்சியுள்ளன. எமது நிகாஹ் பதிவுகள் அவ்வகையின. இவற்றுக்கு முழு மென்பொருளும் வேண்டியதில்லை. எழுத்துரு ஒன்றும், எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்னும் அட்டவணை ஒன்றும் கிடைத்தால் போதும்.

நமது சட்டம் இதற்கு முற்றிலும் வழியடைக்கவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் மென்பொருளை இலக்கியப் படைப்பாகக் கொள்வதால், உரிமை குறைந்தது அறுபது ஆண்டுகள் நீடிக்கும். 1995இல் வந்த மென்பொருள் 2055க்கு முன் பொதுவுடைமை ஆகாது. அதுவரை எந்தத் தட்டும் தாங்காது. ஆனால் அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு, உரியவர் தம் உரிமையை முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ அறிவிப்பின் மூலம் விட்டுக்கொடுக்க இடமளிக்கிறது. 52ஆம் பிரிவு, முறையாக வாங்கியவர் இழப்பிலிருந்து காத்துக்கொள்ள மாற்றுநகல் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. உரியவரைக் கண்டறியவே இயலாத படைப்புகளுக்கு உரிமம் பெற 31ஏ பிரிவில் வழி உண்டு.

கடிதம் எழுதுவோருக்கு

இவ்வரலாற்றிலிருந்து எமது கடிதத்துக்கு நாம் எடுத்துக்கொண்டவை இவை. மென்பொருளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் பிழையின்றிக் குறித்தல். விற்பனையில் உள்ள எதையும் கேளாமை. பழுது நீக்கவோ பதில் சொல்லவோ அவர்கள் கடமைப்பட மாட்டார்கள் என்பதை நாமே எழுதிக் கொடுத்தல். நிறுவனங்கள் அஞ்சுவது பெரும்பாலும் இதற்கே. இசைவு எமக்கு மட்டுமா, இதே இடரில் உள்ள எல்லார்க்குமா என்பதைத் தெளிவாக்குமாறு வேண்டுதல். கையொப்பமிடுபவரே உரியவர் என்பதற்கு ஒரு வரி சேர்க்குமாறு கேட்டல்.

அந்த மென்பொருள் நிறுவனத்தின் பழைய பங்குதாரர் ஒருவரைத் தேடிக் கண்டோம். தொலைபேசியில் அவர் பெருந்தன்மையோடு, “தாராளமா எடுத்துக்கோங்க பாய், இனி அதை வெச்சு நான் என்ன செய்யப் போறேன்” என்றார். மனம் நிறைந்தது. ஆயினும் மற்றொரு பங்குதாரரும் இருந்தார் என்பது பேச்சில் தெரிந்தது. “இருவரும் சேர்ந்து நான்கு வரி எழுதிக் கொடுங்கள் ஐயா” என்று வேண்டினோம். சற்றே சலித்துக்கொண்டார், பிறகு எழுதித் தருவதாகச் சொன்னார். மாதிரிக் கடிதம் அனுப்பியுள்ளோம். இதை எழுதும் நாள் வரை பதில் வரவில்லை.

அந்தத் தாயைக் காத்திருக்க வைக்க இயலாது அல்லவா? பழைய கணினியில், பழைய பூட்டோடு, மதரஸா பணம் கொடுத்து வாங்கிய மென்பொருள் இன்னும் இயங்குகிறது. அதைத் திறந்து திரையில் பார்த்து அவருடைய பதிவைத் தாளில் எழுதி, ஜமாஅத் முத்திரையிட்டுக் கொடுத்தோம். இப்போது மூத்த மாணவர்கள் மூவர், அஸருக்குப் பின் முறைவைத்து அமர்ந்து, ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத, ஒருவர் சரிபார்க்க, எஞ்சிய எண்ணூற்றுக்கும் மேற்பட்ட பதிவுகளைப் புதிய பதிவேட்டில் பெயர்த்து வருகின்றனர். கணினி சில நாள் இரண்டாம் முறை அழுத்தினால்தான் உயிர்பெறுகிறது. அது நிற்பதற்குள் எழுத்து முடிய வேண்டும், அல்லது கடிதம் வர வேண்டும்.

உங்கள் வீட்டிலோ மஹல்லாவிலோ இத்தகைய பழங்கணினி பரணில் இருப்பின், பழைய சாமான் கடைக்குப் போடுமுன் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். உள்ளே இருப்பது யாருடைய அமானிதம் என்று அறியுங்கள். மென்பொருள் செய்தவர் உயிரோடு இருக்கும்போதே தேடிச் சென்று கேளுங்கள். இந்த வேலையில் இறங்கியபின் நாம் கண்டது, கொடுக்க மனமுள்ளோர் பலர் இருக்கின்றனர். அவர்களிடம் இதுவரை எவரும் கேட்கவில்லை.

கடிதம் வந்தால், இன்ஷா அல்லாஹ், அதன் வாசகத்தை இங்கேயே வெளியிடுவோம். அதே மென்பொருளில் பூட்டிக் கிடக்கும் பதிவுகள் வேறு ஜமாஅத்களிலும் இருக்கக்கூடும்.